பூனைக்குட்டி பால் மறக்கும் காலம்

நம் ஊருக்குப் பழைய பெயர் பூனா. இப்போது புனே. பூனாவில் பூனைக்குப் பஞ்சம் இல்லை.

கட்கியில் தகரக் கூரை மேல் பூனை. ராஸ்தா பேட்டையில் பழைய வீட்டு மாடிப்படியில் பூனை. கேம்ப் சிவாஜி மார்க்கெட்டில் மீன் விற்கும் இடத்தில் பூனை. மராத்தியில் பூனையை 'மாஞ்சர்' என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

பூனை இருந்தால் குட்டியும் வரும். பழைய அட்டைப் பெட்டிக்குள் குட்டி போடும். காஸ் சிலிண்டருக்குப் பின்னால் குட்டி போடும். பெரியவர்கள் கண்ணில் படாது. குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். உடனே ஓடி வருவார்கள்.

"அம்மா, குட்டிக்குப் பால் கொடு!"

நாமும் ஒரு கிண்ணத்தில் பால் வைப்போம். குட்டி நக்கிக் குடிக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். மறுநாள் குட்டிக்கு வயிற்றுப்போக்கு. அதற்கு மறுநாள் குட்டி சுருண்டு படுக்கும். பிறகு எழுந்திருக்காது.

"பால்தானே வைத்தோம்? விஷமா வைத்தோம்?" என்று குழந்தை அழும். பதில் சொல்ல நமக்குத் தெரியாது.

இந்தப் பாடம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும். குட்டி எப்போது பால் மறக்க வேண்டும்? எப்படி மறக்க வேண்டும்? எதைத் தின்ன வேண்டும்? படித்துப் பார்ப்போம்.

பிறப்பு முதல் 8 வாரம் வரை

நம் குழந்தைக்கு 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். 6 மாதம் முடிந்ததும் கூழ் கொடுக்கிறோம். பருப்பும் சோறும் மசித்துக் கொடுக்கிறோம். தாய்ப்பாலும் தொடரும். மராத்தி மக்கள் முதல் சோறு ஊட்டுவதை 'உஷ்டாவண்' என்று கொண்டாடுவார்கள். நாம் அன்னம் ஊட்டுதல் என்போம்.

பூனைக்குட்டிக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. அதற்கு மாதக் கணக்கு இல்லை. வாரக் கணக்கு.

பிறந்த குட்டியின் எடை சுமார் 100 கிராம். கண் மூடியிருக்கும். காது சரியாகக் கேட்காது. தாயின் சூட்டைத் தேடி ஊர்ந்து போகும்.

1 வாரம் முதல் 2 வாரத்துக்குள் கண் திறக்கும்.

3-வது வாரத்தில் தள்ளாடி நடக்கும். முன்பற்கள் முளைக்கும்.

4-வது வாரத்தில் கோரைப் பற்கள் தெரியும். குட்டி நன்றாக நடக்கும். தாயின் தட்டை மோந்து பார்க்கும்.

இதுதான் அடையாளம். பல் வந்துவிட்டது. கால் நின்றுவிட்டது. மூக்கு தட்டைத் தேடுகிறது. இப்போது முதல் உணவு கொடுக்கலாம்.

4 வாரத்தில் தொடங்க வேண்டும். 8 வாரத்தில் முடிக்க வேண்டும். இடையில் இருப்பது 4 வாரம். அந்த 4 வாரமும் குட்டி தாயோடு இருக்க வேண்டும். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள்.

தாய் நடத்தும் பள்ளிக்கூடம்

4 வாரம் ஆனதும் தாய்ப்பூனை மாறும். முன்பு எப்போதும் படுத்துப் பால் கொடுத்தது. இப்போது குட்டி வந்தால் எழுந்து போகும். உயரத்தில் ஏறிப் படுக்கும். சில நேரம் சீறும்.

"இது என்ன தாய்? இரக்கமே இல்லையே" என்று நாம் சொல்லக் கூடாது. அது பால் மறக்கச் செய்கிறது. குட்டியின் பல் கூர்மையாகிவிட்டது. தாய்க்கு வலிக்கும். குட்டிக்கும் பால் மட்டும் போதாது.

அப்போது தாய் வேறு ஒரு வேலை செய்யும். எலியைக் கொன்று குட்டியிடம் கொண்டுவரும். முதலில் செத்த எலி. பிறகு பாதி உயிருள்ள எலி. பிறகு உயிருள்ள எலி. தின்னக் கற்பதும் வேட்டை கற்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். பால் மறக்கும் காலம்தான் குட்டிக்குப் பள்ளிக்கூடக் காலம்.

எலியைப் பிடிக்கும் பூனையின் அருமை நம் ஊருக்குத் தெரியும். 1897-ல் புனேயில் பிளேக் நோய் பரவியது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி இந்த நோயைப் பரப்பும். சாவித்திரிபாய் புலேயை நாம் அறிவோம். 1848-ல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் அவர். பிளேக் நோயாளிகளுக்குப் பணி செய்தபோது அவருக்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10-ஆம் நாள் காலமானார்.

அந்தக் காலத்தில் இந்தியாவில் பணி செய்தவர் டாக்டர் ஆண்ட்ரூ புக்கானன். பூனைகள் நிறைய உள்ள கிராமங்களில் பிளேக் குறைவு என்று அவர் 1908-ல் எழுதினார். பூனைக்கும் பிளேக் வரலாம் என்று இன்று நமக்குத் தெரியும். ஆகவே பூனை மட்டும் நோயைத் தடுக்காது. சுத்தமும் வேண்டும். ஆனாலும் அரிசி மூட்டை உள்ள வீட்டில் பூனைக்கு மதிப்பு உண்டு.

குட்டி இன்னொன்றும் தாயிடம் கற்கும். கூடப் பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்தும். திருப்பிக் கடிக்கும். தாய் ஓர் அடி போடும். எவ்வளவு கடிக்கலாம் என்று குட்டிக்குப் புரியும்.

2017-ல் பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 5,700-க்கும் மேற்பட்ட பூனைகளின் விவரங்களைப் பார்த்தார்கள். 8 வாரம் ஆகும் முன்பே தாயைப் பிரிந்த பூனைகளிடம் கடிக்கும், தாக்கும் குணம் அதிகம் இருந்தது. 14 வாரம் தாயோடு இருப்பது இன்னும் நல்லது என்றும் சொன்னார்கள்.

ஆகவே 5 வாரக் குட்டியை யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். "8 வாரம் ஆகட்டும், 12 வாரம் ஆனால் இன்னும் நல்லது" என்று சொல்லுங்கள். குட்டியைப் பார்க்க வரலாம். விளையாடலாம். எடுத்துப் போகக் கூடாது.

பசும்பால் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

பசுவின் பால் கன்றுக்குட்டிக்கு உரியது. பூனையின் பால் பூனைக்குட்டிக்கு உரியது. இரண்டும் வெள்ளைதான். உள்ளே இருப்பது வேறு.

பூனைப் பாலில் உள்ள புரதம் பசும்பாலைப் போல இரண்டு மடங்கு. குட்டி வேகமாக வளர அது தேவை. பசும்பாலில் அவ்வளவு புரதம் இல்லை.

பசும்பாலில் பால் சர்க்கரை அதிகம். குட்டியின் குடல் அதைத் தாங்காது. வயிற்றுப்போக்கு வரும். 400 கிராம் எடையுள்ள உயிருக்கு வயிற்றுப்போக்கு பெரிய ஆபத்து. உடம்பில் உள்ள நீர் சீக்கிரம் வற்றிவிடும்.

வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கும் பால் ஒத்துக்கொள்ளாது. படத்தில் பூனை பால் குடிக்கும். பாட்டிலும் பால் குடிக்கும். அதற்கு வேண்டியது நல்ல தண்ணீரும் இறைச்சி உணவும்தான்.

குட்டிக்கு உதவ நினைத்தால் முதலில் தாய்க்குப் போடுங்கள். பால் கொடுக்கும் பூனைக்கு மற்ற நாளைவிட 2 மடங்கு, 3 மடங்கு உணவு வேண்டும். தாய் தின்றால் பால் ஊறும். குட்டி பிழைக்கும்.

முதல் கூழ் செய்வது எப்படி?

கோழிக்கடைக்குப் போங்கள். எலும்பு இல்லாத கறி கொஞ்சம் கேளுங்கள். 50 கிராம் போதும். ஈரலும் இதயமும் ஒரு சிறு துண்டு சேர்த்துக் கேளுங்கள்.

1. நன்றாகக் கழுவுங்கள்.

2. தண்ணீரில் வேக வையுங்கள். உப்பு வேண்டாம். மிளகாய் வேண்டாம். மஞ்சள், மசாலா வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது.

3. வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். கறியை அம்மியிலோ மிக்சியிலோ அரையுங்கள். அந்தத் தண்ணீரை ஊற்றிக் கரையுங்கள். கேழ்வரகுக் கூழ் போல இருக்க வேண்டும்.

4. இளஞ்சூடாக வையுங்கள். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுடக் கூடாது. குளிரவும் கூடாது.

5. தட்டையான தட்டில் ஊற்றுங்கள். ஆழமான கிண்ணம் வேண்டாம். குட்டி உள்ளே விழும்.

6. விரல் நுனியில் கொஞ்சம் தொட்டுக் குட்டியின் உதட்டில் தடவுங்கள். குட்டி நக்கும். விரலை மெல்லத் தட்டுக்குக் கொண்டு போங்கள். குட்டி பின்னால் வரும்.

குட்டியின் தலையைப் பிடித்துத் தட்டில் அழுத்தாதீர்கள். மூக்கில் ஏறும். நுரையீரலுக்குப் போனால் குட்டி இறந்துவிடும்.

முதல் நாள் தட்டில் மிதிக்கும். மேலெல்லாம் பூசிக்கொள்ளும். பரவாயில்லை. ஈரத் துணியால் துடையுங்கள். தாயும் நக்கிச் சுத்தம் செய்யும்.

அரை மணி நேரம் கழித்து மீதியை எடுத்துவிடுங்கள். புனேயில் ஏப்ரல், மே மாதம் வெயில் கடுமை. வைத்த கூழ் கெட்டுப் போகும். ஈ மொய்க்கும்.

வெறும் கறி மட்டும் மாதக் கணக்கில் கொடுக்கக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை. எலும்பு வலுவாகாது. குதித்தால் கால் முறியும். சின்ன மீன் வாங்கினால் அந்தக் குறை கொஞ்சம் தீரும். நெத்திலி வாங்கலாம். இங்கே கிடைக்கும் மாந்தேலி வாங்கலாம். முள் கரையும்வரை வேக வைத்து, நன்றாக மசித்துக் கொடுங்கள். பெரிய மீனின் முள்ளும் வெந்த கோழி எலும்பும் கூடாது. தொண்டையில் குத்தும்.

கருவாட்டில் உப்பு அதிகம். குட்டிக்கு வேண்டாம்.

கடையில் குட்டிகளுக்கான பாக்கெட் உணவு கிடைக்கும். எல்லாச் சத்தும் அதில் சேர்த்திருப்பார்கள். வெந்நீரில் ஊறவைத்து மசித்துக் கொடுக்கலாம். நம் கறிக்கூழோடு கலந்தும் கொடுக்கலாம். வாங்கும்போது 3 விஷயம் பாருங்கள். பூனைப் படம் இருக்கிறதா? குட்டிக்கு உரியது என்று போட்டிருக்கிறதா? தேதி முடிந்துவிட்டதா? தேதியை நீங்களே படிக்கலாம். நாய்க்கு உள்ள உணவு பூனைக்கு ஆகாது.

வாரம் ஒரு படி

4 முதல் 5 வாரம்: நீர்த்த கூழ். நாளுக்கு 3 முறை. ஒவ்வொரு முறையும் சில நக்கு போதும். தாய்ப்பால் தொடரட்டும்.

5 முதல் 6 வாரம்: கூழைக் கெட்டியாக்குங்கள். நாளுக்கு 4 முறை. பக்கத்தில் தனியாகத் தண்ணீர் வையுங்கள்.

6 முதல் 7 வாரம்: அரைக்க வேண்டாம். பொடியாகப் பிய்த்துப் போடுங்கள். குட்டி மென்று பழகும். தாய்ப்பால் தானாகக் குறையும்.

7 முதல் 8 வாரம்: சிறு துண்டுகள். நாளுக்கு 4 முறை. குட்டி தானே தின்னும்.

ஒரு படியில் வயிற்றுப்போக்கு வந்தால் முந்திய படிக்குத் திரும்புங்கள். அவசரம் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். குட்டி தின்னாமல் சோர்ந்து கிடந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். புனேயில் ஔந்த் பகுதியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

குட்டிக்கு வயிற்றில் பூச்சி இருக்கும். தாய்ப்பால் வழியாகவே வரும். வயிறு உப்பிக் கால் மெலிந்திருந்தால் பூச்சி என்று சந்தேகப்படுங்கள். பூச்சி மருந்தை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். நம் பிள்ளைகளுக்கு வாங்கிய மருந்தைக் கொடுக்காதீர்கள்.

வளர்ச்சியை எப்படி அறிவது? எடை பார்க்க வேண்டும். குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏறும். ரத்திப் பேப்பர் கடையில் தராசு இருக்கும். குட்டியைத் துணிப்பையில் போட்டு நிறுங்கள். பிறகு பையை மட்டும் நிறுங்கள். கழித்தால் குட்டியின் எடை. நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

மாமியின் கேள்வி

எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசினோம். ராஸ்தா பேட்டையிலிருந்து வரும் மாமி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா டீச்சர், எங்காத்துல முட்டைகூட நுழையாது. குட்டிக்குத் தயிர் சாதம் பிசைஞ்சு வெக்கறேன். நன்னாத்தான் சாப்பிடறது. அது போறாதா?"

"வயிறு நிறையும் மாமி. ஆனா கண்ணு கெட்டுப்போகும்" என்றேன்.

மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கண்ணா? தயிர் சாதத்துலயா?"

தயிர் சாதத்தில் விஷம் இல்லை. ஆனால் பூனைக்கு வேண்டிய ஒரு சத்து அதில் இல்லை. அந்தச் சத்தின் பெயர் டாரின். இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியில் இல்லை. பருப்பில் இல்லை. சப்பாத்தியில் இல்லை. நம் உடம்பு டாரினைத் தானே செய்துகொள்ளும். பூனையின் உடம்பால் போதுமான அளவு செய்ய முடியாது.

1975-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். டாரின் கிடைக்காத பூனைகளுக்கு விழித்திரை கெட்டது. 1987-ல் இன்னொன்றும் தெரிந்தது. டாரின் குறைந்தால் இதயமும் பலவீனமாகும். அதன் பிறகு கடைப் பூனை உணவில் டாரினைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

மாமி விடவில்லை. "எங்க அம்மா காலத்துல பூனை மோர் சாதம்தானே சாப்பிட்டது? நன்னாத்தானே இருந்தது?"

"அது ராத்திரி வெளியே போகும் மாமி. எலி பிடிக்கும். பல்லி பிடிக்கும். வீட்டுச் சாதம் அதுக்குப் பாதிதான். நீங்க வளர்க்கிறது ரெண்டாம் மாடி. கதவு சாத்தியிருக்கு. குட்டி எங்கே போய் எலி பிடிக்கும்?"

மாமி யோசித்தார். அப்போது கட்கியிலிருந்து வரும் அக்கா பேசினார். அவர் வீட்டில்தான் போன மாதம் ஒரு குட்டி பசும்பால் குடித்து இறந்துபோனது. அவர் மகள் 3 நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"மாமி, எங்க வீட்டுல மீன் வாங்குவோம். குட்டிக்குத் தனியா வேக வச்சுக் கொண்டு வரட்டுமா?"

மாமி உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

"கொண்டு வா. பால்கனியில ஒரு தட்டு தனியா வெச்சுக்கறேன். நான் தொட மாட்டேன். நீயே போடு. குட்டிக்குக் கண்ணு வேணுமே."

மீன் கிடைக்காத நாளில் பாக்கெட் உணவு போடுவதாகவும் மாமி ஒப்புக்கொண்டார்.

நாம் எதை உண்பது என்பது நம் விருப்பம், நம் வழக்கம். பூனைக்கு அப்படித் தேர்வு இல்லை. அதன் உடம்பு அப்படி. அந்த உணவைக் கொடுக்கவே முடியாது என்றால், கொடுக்க முடிந்த வீட்டுக்கு 8 வாரம் கழித்துக் குட்டியைத் தரலாம். அதுவும் அன்புதான்.

இவை குட்டிக்கு விஷம்

வெங்காயம், பூண்டு: பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். குழம்பில் ஊறிய கறியும் கூடாது.

காய்ச்சல் மாத்திரை: பாராசிட்டமால் ஒன்று போதும். பெரிய பூனையே இறந்துவிடும். பாதி மாத்திரை, கால் மாத்திரைகூடக் கூடாது.

பினாயில்: தரை ஈரமாக இருக்கும்போது குட்டி நடக்கும். பிறகு பாதத்தை நக்கும். குட்டி இருக்கும் அறையில் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள்.

எலி மருந்து: விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் ஆபத்து. பூனை உள்ள வீட்டில் எலி மருந்து வைக்காதீர்கள்.

சாக்லேட்: குழந்தைகள் ஆசையாகக் கொடுப்பார்கள். தடுத்துச் சொல்லுங்கள்.

தாய் இல்லாத குட்டி

குட்டி தனியாகக் கத்துகிறதா? உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். நாய், வண்டி, மழை ஆபத்து இருந்தால் மட்டும் பக்கத்தில் பத்திரமான இடத்தில் வையுங்கள்.

தாய் வரவே இல்லை என்றால் நாம்தான் தாய். முதலில் சூடு. துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வையுங்கள். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்கு எதுவும் புகட்டக் கூடாது. சூடு ஏறிய பிறகே புகட்ட வேண்டும்.

4 வாரம் ஆகாத குட்டிக்குக் கூழ் கூடாது. பூனைக்குட்டிக்கு உரிய பால் பவுடர் பிராணிகள் கடையில் கிடைக்கும். அது கிடைக்கும்வரை ஒரு நாள், இரண்டு நாள் ஆட்டுப்பால் கொடுத்துச் சமாளிக்கலாம். குட்டியைக் குப்புற வைத்தே புகட்டுங்கள். நம் குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும்.

சின்னக் குட்டிக்குத் தானாகச் சிறுநீர் வராது. தாய் நக்கிவிடும். நாம் வெந்நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் தடவ வேண்டும். ஒவ்வொரு முறை புகட்டிய பிறகும் இதைச் செய்யுங்கள். மருத்துவரிடம் சீக்கிரம் காட்டுங்கள்.

கடித்தால், கீறினால்

உணவு கொடுக்கும்போது குட்டி கடிக்கலாம். கீறலாம். "குட்டிதானே" என்று விட்டுவிடக் கூடாது. வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனையாலும் வரும். நோய் வந்துவிட்டால் காப்பாற்றுவது மிக மிக அரிது. ஆனால் முன்பே தடுக்கலாம்.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள் வைக்காதீர்கள். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் தடவாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ மாநகராட்சி மருத்துவமனைக்கோ போங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுகூட விடக் கூடாது.

குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். கடித்ததை மறைத்தால் திட்டு. சொன்னால் திட்டு இல்லை.

குட்டியைத் தொட்டபின் கை கழுவ வேண்டும். பூனை மலம் போகும் மண் தட்டைக் கர்ப்பிணிப் பெண் சுத்தம் செய்யக் கூடாது. வேறு யாராவது செய்யட்டும்.

8 வாரத்துக்குப் பிறகு

இப்போது குட்டி தானாகத் தின்கிறது. நம் பொறுப்பு முடிந்ததா? இல்லை.

தடுப்பூசி: 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசி. 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி.

பதிவு: வீட்டுப் பூனையையும் பதிவு செய்ய வேண்டும் என்று புனே மாநகராட்சி 2022-ல் முடிவு செய்தது. வெறிநோய் ஊசிச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். வார்டு அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். விண்ணப்பத்தை நீங்களே நிரப்பிக் கையெழுத்துப் போடுங்கள்.

கருத்தடை: பெண் குட்டி 4, 5 மாதத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் 9 வாரம்தான். பால் கொடுக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகலாம். ஒன்று நாலாகும். நாலு பதினாறாகும். 2025 பிப்ரவரியில் புனே ஹடப்சரில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பற்றிச் செய்தி வந்தது. ஒரே வீட்டில் 300-க்கும் மேற்பட்ட பூனைகள். நாற்றமும் சத்தமும் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள். அன்பு மட்டும் போதாது. அளவும் வேண்டும். 4, 5 மாதத்தில் கருத்தடை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கைவிடக் கூடாது: சாக்கில் கட்டி ஆற்றங்கரையில் விடுகிறார்கள். மண்டியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். பால் மறக்காத குட்டி பிழைக்காது. பசியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

நினைவில் வைப்போம்

4 வாரத்தில் தொடங்கு. 8 வாரத்தில் முடி.
அதுவரை தாயைப் பிரிக்காதே.
பசும்பால் வேண்டாம். தண்ணீர் வேண்டும்.
உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு கூடாது.
இறைச்சியோ மீனோ இல்லாமல் பூனைக்குக் கண் இல்லை.
கடித்தால் கழுவு. அன்றே ஊசி போடு.

பதில் எழுதுங்கள்

1. குட்டி உணவு தின்னத் தயார் என்பதற்கு 3 அடையாளங்கள் எவை?
2. பசும்பால் குட்டிக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது?
3. டாரின் எந்த உணவில் இருக்கிறது? எதில் இல்லை?
4. குட்டியை ஏன் குப்புற வைத்துப் புகட்ட வேண்டும்?

கணக்குப் போடுங்கள்

1. பையோடு குட்டியின் எடை 650 கிராம். பையின் எடை 150 கிராம். குட்டியின் எடை எவ்வளவு?
2. ஒரு குட்டியின் எடை 4-வது வாரம் 400 கிராம். 5-வது வாரம் 500 கிராம். 6-வது வாரம் 510 கிராம். எந்த வாரம் வளர்ச்சி குறைந்தது? நீங்கள் என்ன செய்வீர்கள்?
3. ஒரு பூனைக்குட்டி மார்ச் 1-ஆம் நாள் பிறந்தது. அதற்கு 4 வாரம் முடியும் நாள் எது? 8 வாரம் முடியும் நாள் எது? நாள்காட்டியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் பூனை குட்டி போட்டிருக்கிறதா? தாய்க்கு யார் உணவு வைப்பது? குட்டிகளை 8 வாரம் வரை யார் பார்த்துக்கொள்வது? பிறகு எந்த வீட்டுக்குக் கொடுப்பது? மாமியும் அக்காவும் பிரித்துக்கொண்டது போல நீங்களும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெயரும் தேதியும் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.